பின்னந்தலை என்னும் நாற்றங்கால்

உங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை யாராவது உண்டா? குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கிறானா? சீப்பை ஒரு தடவைக்கு நாலு தடவை உற்றுப் பார்க்கிறானா? போட்டோ எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டால், "அப்புறம் பார்க்கலாம் அம்மா" என்று நழுவுகிறானா? அப்படியானால் காரியத்தை உடனே ஊகித்துக்கொள்ளலாம். தலைமுடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது!

இந்த வருத்தம் இன்று ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆவடியிலிருந்து காலை வண்டியில் ஏறும் வாலிபர்களைப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களைப் பாருங்கள். முப்பது வயது நிரம்புவதற்குள் நெற்றி மேலே ஏறியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கையில் இருக்கும் செல்போனைத் திறந்தால் விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. "3,000 கிராஃப்ட், ஒரே நாளில்!" என்கிறது ஒன்று. "அங்கே மூவாயிரம்தானா? இங்கே 5,000!" என்று மார்தட்டுகிறது இன்னொன்று. பூந்தமல்லியில் உள்ள பிள்ளை அண்ணா நகருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, "அம்மா, கிராஃப்டுக்கு இத்தனை ரூபாயாம்" என்று கணக்குச் சொல்கிறான். அம்மா தன் வளையலைப் பார்த்துக்கொள்கிறாள்.

கிராஃப்ட் என்றால் என்ன? மூவாயிரம் என்பது அதிகமா, குறைவா? அவ்வளவும் எங்கிருந்து வருகிறது? எடுத்த இடம் பிறகு என்ன ஆகிறது? பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருவராவது இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் நல்லது.

முன்னால் மைதானம், பின்னால் தோப்பு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். முடி ஏன் கொட்டுகிறது?

"எல்லாம் இந்த போர்த் தண்ணீரால்தான்" என்று புறநகரில் வீட்டுக்கு வீடு சொல்லக் கேட்கலாம். "ஹெல்மெட் போட்டுப் போட்டுத்தான்" என்பார்கள் சிலர். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம். இறுக்கமான ஹெல்மெட் சில முடிகளை ஒடிக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நெற்றியில் விழும் அதே தண்ணீர்தானே பிடரியிலும் விழுகிறது? ஹெல்மெட் தலை முழுவதையும்தானே மூடுகிறது? பின்னே, முன்னால் மட்டும் மைதானமாகி, பின்னாலும் காதோரங்களிலும் தோப்பு அப்படியே நிற்பானேன்?

ஆண்களுக்கு வரும் சாதாரண வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆண்மைச் சுரப்பிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ரசாயனப் பொருள், முன் தலையிலும் உச்சியிலும் உள்ள முடி வேர்களை வாட்டுகிறது. அந்த வேர்கள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்த முடியையே தருகின்றன. கடைசியில் பூனை மயிர்போல் ஆகிவிடுகின்றன. பின்னந்தலையில் உள்ள வேர்களோ அந்த ரசாயனத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. அவற்றின் பிறவிக் குணம் அது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் இந்தக் குறை வரலாம். ஆகவே மாமாவை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

"திருவேற்காட்டில் ஒரு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளர்ந்துவிடும்" என்று பாட்டி சொல்வாள். அம்மனுக்கு வேண்டிக்கொண்ட மொட்டையைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கத்தி தோலுக்கு மேலே உள்ள முடியைத்தான் எடுக்கிறது; வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. ஆயிரம் தடவை மொட்டை அடித்தாலும் வேர்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. முனை மழுங்கி முளைப்பதால் சில நாட்கள் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

நியூயார்க் டாக்டர் கண்டது

பின்னந்தலை வேரை எடுத்து முன்னால் நட்டால், அது தன் பழைய குணத்தைக் காட்டுமா, புது இடத்தின் குணத்தைப் பெறுமா? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த தோல் வைத்தியர் நார்மன் ஓரன்ட்ரைக். 1952-ல் அவர் பின்னாலிருந்து சிறு வட்டமாகத் தோலோடு முடியை எடுத்து வழுக்கைப் பகுதியில் வைத்துப் பார்த்தார். முடி வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கே நட்டாலும் வேர் தன் பிறந்த வீட்டுக் குணத்தை விடுவதில்லை என்று 1959-ல் அவர் எழுதி வெளியிட்டார். இன்றைய முடி மாற்றுச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. அவருக்கு முன்பே, 1939-ல், ஜப்பானில் ஷோஜி ஓக்குடா என்ற டாக்டர் முடி இழந்த இடங்களில் இதுபோல் நட்டு வெற்றி கண்டிருந்தார். யுத்தம் வந்ததால் அந்தச் செய்தி மற்ற தேசங்களுக்கு எட்டவில்லை.

ஓரன்ட்ரைக் காலத்தில் வைத்த துண்டுகள் பெரியவை. சுமார் 4 மில்லிமீட்டர். பொம்மையின் தலையில் கொத்துக் கொத்தாக முடி செருகியிருப்பார்களே, அந்த மாதிரி இருக்கும். பிறகு 1984-ல் ஹெடிங்டன் என்ற அமெரிக்க நிபுணர் ஒரு நுட்பமான விஷயத்தை விவரித்தார். முடிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு முடிகள் சேர்ந்து ஒரே கொத்தாக முளைக்கின்றன. இன்று அந்தக் கொத்தைக் கலைக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து நடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராஃப்ட் என்று சொல்வது அந்த ஒரு கொத்தைத்தான்.

எடுப்பதற்கு இரண்டு வழிகள். பின்னந்தலையில் ஒரு நீளப் பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு, பட்டையிலிருந்து கொத்துகளைப் பிரிப்பது ஒரு வழி. இதில் கோடுபோல் ஒரு தழும்பு நிற்கும். மற்றொன்று, 2002-ல் ராஸ்மன், பெர்ன்ஸ்டீன் முதலிய டாக்டர்கள் கட்டுரையாக வெளியிட்ட முறை. 1 மில்லிமீட்டர் அளவுள்ள குழல் கருவியால் கொத்து கொத்தாகத் தோண்டி எடுப்பது. இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். "தழும்பே இருக்காது" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். கோட்டுக்குப் பதில் புள்ளிகள்; தழும்பு தழும்புதான்.

எடுத்த இடத்தில் முளைக்காது

நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடுகிறோம் அல்லவா? இதுவும் ஒரு நடவுதான். பின்னந்தலை நாற்றங்கால், முன் தலை வயல். நாற்றங்காலில் இல்லாத நாற்றை எந்தக் கெட்டிக்காரனாலும் நட முடியாது. அத்துடன், நாற்றங்காலில் அடுத்த போகத்துக்கு மறுபடி விதை தெளிக்கலாம். பின்னந்தலையில் அது நடக்காது. எடுத்த கொத்து எடுத்ததுதான். அந்த இடத்தில் மறுபடி முளைக்காது.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "பின்னால்தான் நிறைய இருக்கிறதே, எடுத்தால் வளர்ந்துவிடும்" என்று நினைக்கிறார்கள். சிகிச்சையால் தலையில் ஒரு முடிகூட அதிகமாவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவே. மாதச் சம்பளத்தை அரிசி டப்பாவிலிருந்து பருப்பு டப்பாவுக்கு மாற்றி வைத்தால் சம்பளம் கூடிவிடுமா?

ஒரு சின்னக் கணக்கு

பால் கணக்கும் மளிகைக் கணக்கும் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னந்தலையிலும் காதுக்கு மேலும், ஆயுள் முழுவதும் முடி நிற்கும் என்று நம்பக்கூடிய இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. இதை டோனர் ஏரியா என்கிறார்கள். நம்மவர்களில் பலருக்கு அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் 60-லிருந்து 85 கொத்துகள் வரை இருக்கும். இதுதான் டோனர் அடர்த்தி. 70 என்றே வைத்துக்கொள்வோம். 200-ஐ 70-ஆல் பெருக்கினால் 14,000 கொத்துகள்.

அப்பாடா, பதினாலாயிரமா என்று சந்தோஷப்படாதீர்கள். அத்தனையையும் எடுத்தால் பின்னந்தலை வழுக்கையாகிவிடுமே! பொதுவாக ஓர் இடத்தில் பாதி முடி குறையும் வரை பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆகையால் பாதிக்கு நன்றாக உள்ளே நிறுத்திக்கொள்வதுதான் விவேகம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே என்று வைத்தால், இந்தத் தலைக்கு 5,000 கொத்துகள் கிடைக்கும். ஒரு நாளைக்கோ ஒரு வருஷத்துக்கோ உரிய கணக்கு அல்ல இது; ஆயுள் முழுவதுக்குமே இவ்வளவுதான். அடர்த்தி 60 உள்ளவனுக்கு இன்னும் குறையும்; 85 உள்ளவனுக்குக் கூடும்.

இனிச் செலவுப் பக்கம். முன் தலையும் உச்சியும் முழுக்க வழுக்கையானால் அந்த வயலும் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். 5,000 நாற்றை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 25-தான். இயற்கை வைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கு! ஆகவே கெட்டிக்கார டாக்டர் வயல் முழுவதையும் நிரப்பப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவர் பார்ப்பது முன் பக்கத்தை. அந்த 70, 80 சதுர சென்டிமீட்டரில் 35 வீதம் நட்டால் 2,500-லிருந்து 2,800 கொத்துகள் ஆகும். பார்வைக்கு நிறைவாக இருக்கும். மீதி நாற்றங்காலிலேயே இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

அடர்த்தியைக் கண்ணால் மதிப்பிட முடியாது. சிறு பூதக்கண்ணாடியோ, அதற்கென்று உள்ள காமிராவோ வைத்துப் பின்னந்தலையில் நாலைந்து இடங்களில் எண்ண வேண்டும். எண்ணும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பின்னால் உள்ள முடிகளிலும் மெலிந்தவை கலந்திருக்கின்றனவா? அப்படியானால் அந்த நாற்றே நோஞ்சான். இன்று நட்டாலும் நாளை வாடிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதே நேர்மையான வைத்தியம்.

முடியின் தடிப்பும் சேர்த்தி. மெல்லிய நூலால் நெய்த துணிக்கும் முரட்டு நூலால் நெய்த துணிக்கும் வித்தியாசம் உண்டல்லவா? முரட்டு முடி உள்ளவனுக்கு 2,000 கொத்துகளிலேயே தலை மறைந்துவிடும். மெல்லிய முடிக்காரனுக்கு 3,000 வைத்தாலும் தோல் எட்டிப் பார்க்கும். அடுத்த வீட்டுப் பையனுக்கு எத்தனை வைத்தார்கள் என்ற எண்ணிக்கையால் உங்கள் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

எண்ணிக்கையில் ஒரு மாயம்

ஒரு கொத்தில் சராசரி இரண்டு முடி என்றால் 2,000 கிராஃப்ட் என்பது 4,000 முடி. ஒரு விளம்பரம் கிராஃப்டைச் சொல்லும். இன்னொன்று முடியைச் சொல்லும். பின்னதைப் படித்தவர் இரண்டு மடங்கு என்று மயங்கிப்போவார்.

இன்னொரு தந்திரமும் உண்டு. மூன்று முடிக் கொத்து ஒன்றைப் பிளந்து மூன்று துண்டாக்கினால் கணக்கில் மூன்று கிராஃப்ட். தலைக்கு வந்ததோ அதே மூன்று முடி. கணக்குக்காக ஒரு கிராஃப்டுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ரூபாய்க்கு முடியவேண்டியது 120 ஆகிறது. நெற்றி ஓரத்துக்கு ஒற்றை முடிக் கொத்துகள் அவசியம் வேண்டும்; அதைக் குறை சொல்லவில்லை. ஆகவே பில்லில் எத்தனை கிராஃப்ட் என்பதோடு, ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று எத்தனை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்காக எண்ணுகிறவர்களிடம் அந்தக் கணக்கு இருக்கும். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடு சாதாரணமாக இதற்குக் கைகொடுப்பதில்லை. வீட்டுப் பணம்தான் போகிறது.

இருபத்திரண்டு வயதின் அவசரம்

"எப்படியும் செய்யப்போகிறோம், சீக்கிரமே செய்துவிட்டால் என்ன?" என்று தோன்றும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

22 வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நெற்றி மட்டும் ஏறியிருக்கும் சமயத்தில், பள்ளிக்கூடப் பையனின் நெற்றிபோல் தாழ்வாகக் கோடு போட்டு 3,500 கொத்துகளை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிள்ளை ராஜகுமாரன்தான். ஆனால் நட்ட முடிக்குப் பின்னால் உள்ள பழைய முடி தன் போக்கில் கொட்டிக்கொண்டே போகும். நாற்பது வயதில் முன்னால் ஒரு வேலி, நடுவே பொட்டல், பின்னால் மறுபடி புதர்! அந்தப் பொட்டலை நிரப்ப நாற்றங்காலில் சரக்கு இருக்காது. இன்னும் இன்னும் என்று எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்த கம்பளிபோல் ஆகிவிடும். முதல் வழுக்கையையாவது எல்லாரையும்போல் என்று விட்டுவிடலாம். இதை என்ன செய்வது?

அதனால் இளவயதினருக்கு அனுபவமுள்ள டாக்டர்கள் முதலில் மருந்தைத்தான் சொல்கிறார்கள். தடவுவதற்கு மினாக்ஸிடில், உட்கொள்வதற்கு ஃபினாஸ்டிரைடு. இருக்கிற முடியைக் காப்பாற்றவே இவை. நிறுத்தினால் பலனும் போகும். சிலருக்குப் பக்க விளைவுகள் உண்டாகலாம். டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கக் கூடாது. நட்ட பிறகும் பழைய முடியைக் காக்க மருந்து தொடர வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல், "ஒரு நாள் வேலை, ஆயுளுக்கும் கவலையில்லை" என்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ரண சிகிச்சை என்பதை மறக்காதீர்கள்

விளம்பரத்தில் பையன் சாய்வு நாற்காலியில் சினிமா பார்த்துக்கொண்டிருப்பான். முடி வெட்டிக்கொள்வது மாதிரியே தோன்றும். உண்மையில் இது ரண சிகிச்சை. தலை முழுவதும் மரத்துப்போக ஊசி போட வேண்டும். அந்த மருந்துக்கு உடல் எடைக்குத் தகுந்த உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் இருதயத்தையும் மூளையையும் தாக்கும். சிலருக்கு மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கிராஃப்ட் எண்ணிக்கை ஏற ஏற மணி நேரம் ஏறுகிறது, மருந்தும் ஏறுகிறது. வெளியே எடுத்த வேர்கள் அதிக நேரம் காத்திருந்து பிழைக்காமலும் போகின்றன. 2,000-லிருந்து 3,000 வரை சாதாரணமாக ஒரு நாள் வேலை.

2016 மே மாதம் சென்னை நகரத்தையே உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் ஒரு நிலையத்தில் முடி நட்டுக்கொண்டார். சுமார் 1,200 என்றுதான் சொன்னார்கள். பெரிய எண்ணிக்கை அல்ல. சிகிச்சையைத் தொடர்ந்து உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டுபோயும் பலனின்றி, இரண்டொரு நாளில் உயிர் பிரிந்தது. விசாரித்தபோது, அந்த நிலையத்துக்கு இருந்தது முடிதிருத்தும் கடைக்கான உரிமம் என்று தெரிய வந்தது! நிலையத்துக்குப் பிறகு பூட்டுப் போட்டார்கள். டாக்டராக வேண்டிய பிள்ளை திரும்பி வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், பம்பாயில் 43 வயது வியாபாரி ஒருவர் ஒரே மூச்சில் 9,000-க்கும் மேற்பட்ட கிராஃப்டுகள் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த இரண்டு நாட்களுக்குள் மூச்சுத் திணறல், முகவீக்கத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இறந்துபோனார். நாம் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் எடுக்கக்கூடிய கொத்துகள் சுமார் 5,000. ஒன்பதாயிரத்தை எங்கிருந்து எடுப்பது?

இவை அபூர்வம்தான். தகுந்த டாக்டரிடம், தகுந்த இடத்தில் செய்துகொண்டு சௌக்கியமாக இருப்பவர்களே மிகப் பெரும்பாலோர். ஆனால் அபூர்வமானது நம் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் வழி தெரிந்திருக்க வேண்டாமா?

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் இதற்கென்றே நெறிமுறைகள் வெளியிட்டது. முறைப்படி பயிற்சி பெற்ற பதிவு பெற்ற டாக்டர், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரியிலோ தோல் வைத்தியத்திலோ மேற்படிப்புப் படித்தவர் செய்ய வேண்டும். இரண்டு நாள் பயிற்சி வகுப்பிலும், செல்போனில் வீடியோ பார்த்தும் கற்றது பயிற்சி ஆகாது. உதவியாளர்கள் டாக்டரின் மேற்பார்வையில் உதவலாம். தாங்களே நடத்தக் கூடாது. ஆபத்து வந்தால் உயிர் காக்கும் வசதிகள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நமக்கு இது உண்டா?

"ஆண்பிள்ளைகள் கதை இருக்கட்டும், எனக்கும் கொட்டுகிறதே!" என்கிறீர்களா? சொல்கிறேன்.

தினம் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது எல்லாருக்கும் சகஜம். பிரசவமான மூன்றாம் மாத வாக்கில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயப்படாதீர்கள், அநேகமாக ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும் அப்படியே. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் நம் பெண்களிடம் மிகச் சாதாரணம். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் மற்றது. இழுத்து இறுக்கிப் பின்னிப் பின்னிக் காதோரத்தில் முடி போயிருந்தால், பின்னலைத் தளர்த்துங்கள். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் பல சமயம் திரும்ப வளரும்.

வகிடு வர வர அகலமாகிக்கொண்டு போனால் அது பெண்களுக்கு வரும் பரம்பரைக் குறையாக இருக்கலாம். இங்கே ஒரு வித்தியாசம். பெண்களில் பலருக்குப் பின்னந்தலையும் சேர்ந்து மெலிகிறது. நாற்றங்காலே வறண்டிருக்கும்போது நடவு எப்படி? அதனால் சிகிச்சைக்கு ஏற்ற பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. பின்னால் அடர்த்தி உறுதியாக உள்ளவர்களுக்கும், பல வருஷம் இறுக்கிப் பின்னியதால் நிரந்தரமாக முடி இழந்தவர்கள் சிலருக்கும் பலன் தரும். மற்றவர்களுக்கு மருந்து மேல். வீட்டில் ஆண்கள் உட்கொள்ளும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை உடைந்திருந்தால், கர்ப்பமாக உள்ள பெண்கள் அதைத் தொடவே கூடாது. கருவில் உள்ள ஆண் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கும்.

விசாரிக்கும்போதே கையில் பணம் இருக்க வேண்டும் என்பதில்லை. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சிகிச்சையை விற்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு டாக்டரின் அபிப்பிராயத்தை முதலில் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

முகூர்த்தமும் முடியும்

தை மாதத்தில் முகூர்த்தம். ஐப்பசியில் நட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பதற வேண்டாம், வேர் உள்ளே உயிரோடிருக்கிறது. மூன்று நாலு மாதம் கழித்துத்தான் புது முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம். உச்சியில் இன்னும் சில மாதங்கள். ஐப்பசியில் நட்ட பிள்ளை தையில் மணையில் உட்காரும்போது முன்பைவிட மோசமாகத்தான் தெரிவான்! அடுத்த தையை எண்ணிச் செய்தால் சரி.

போகும்போது கேளுங்கள்

பிள்ளையோடு நீங்களும் போங்கள். "எத்தனை கிராஃப்ட் வைப்பீர்கள்?" என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

பின்னந்தலை அடர்த்தியை எண்ணிப் பார்த்தீர்களா? எத்தனை?

ஆயுள் முழுவதுக்கும் எத்தனை கொத்துகள் எடுக்கலாம்? இப்போது எடுத்தபின் மீதி எத்தனை?

நாற்பத்தைந்து வயதில் இவன் தலை எப்படி இருக்கும் என்று யோசித்து நெற்றிக் கோடு போட்டிருக்கிறீர்களா?

கத்தியை யார் பிடிப்பார்கள்? அவருடைய படிப்பும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் என்ன? முடியும் வரை அவர் இங்கேயே இருப்பாரா?

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இங்கே என்ன வசதி இருக்கிறது?

இவனுக்கு உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டீர்களா?

இவற்றுக்கு முகம் சுளிக்காமல் எண்களோடு பதில் சொல்லுகிறவர் நல்ல டாக்டர். "இன்றே முன்பணம் கட்டினால் பாதி விலை" என்று பேச்சை மாற்றுகிறவரிடம், "வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம்" என்று எழுந்துவிடுங்கள். நாற்றங்காலில் உள்ள நாற்று இன்று ராத்திரியே வாடிப்போகாது. ஒரு மாதம் யோசித்துவிட்டு வந்தாலும் அது அங்கேதான் இருக்கும்.

பெண் பார்க்கப் போகும் இடத்தில் பிள்ளையின் தலையைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது தாய்க்குத் தெரியும். அந்த வலிக்கு மாற்றுத் தேடுவதில் தவறு எதுவும் இல்லை. தேடும்போது கணக்குப் பார்த்துத் தேடுங்கள். வீட்டுச் செலவில் ஒரு ரூபாயைக்கூட எண்ணிக் கொடுக்கிற நீங்கள், திரும்ப முளைக்காத முதலை எண்ணாமல் கொடுத்துவிடலாமா?